புற்றுநோயை வென்றவரைப் பூஞ்சை வெல்லலாமா?

பழைய ரொட்டியில் பச்சையாகப் பூக்கும். மழைக்காலத்தில் சுவர் மூலையில் கறுப்பாகப் படரும். நாள்பட்ட ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாக ஆடை கட்டும். பூஞ்சை என்றால் பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான். துடைத்துப் போட்டால் போயிற்று. தோலில் வந்தால் படர்தாமரை, தேமல் என்று ஏதாவது ஒரு களிம்பைத் தடவினால் சில வாரங்களில் சரியாகிவிடும். உயிரை எடுக்கிற கிருமி என்று அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

பயப்படவும் தேவையில்லை. உடம்பில் வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருக்கும்வரை!

அந்த அணுக்கள் குறைந்துபோன ஒருவருக்கு இதே பூஞ்சை வேறு முகத்தைக் காட்டும். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டவர், புற்றுநோய் கட்டுப்பட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில், நுரையீரலில் வந்த பூஞ்சையால் இறந்துபோவது மருத்துவ உலகில் அபூர்வமான செய்தி அல்ல. மருந்து வேலை செய்தது, நோய் பின்வாங்கியது, ஆனால் நோயாளி பிழைக்கவில்லை. குடும்பத்தால் ஜீரணிக்கவே முடியாத முடிவு இது. இதில் ஒரு பகுதியையாவது வராமலே தடுக்க முடியும் என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வெள்ளை அணுக்களின் கணக்கு

கீமோதெரபி மருந்துகளுக்குப் புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் தாக்கும். முடி கொட்டுவது அதனால்தான். வாயிலும் குடலிலும் உள்ள மெல்லிய உள்தோல் புண்ணாவதும் அதனால்தான். எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் கோடிக்கணக்கில் உருவாகும் ரத்த அணுக்கள் குறைவதும் அதே காரணத்தால்தான்.

வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை உண்டு. கிருமி நுழைந்தால் முதலில் ஓடி வரும் காவல்காரர் இவர். ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500-க்கு மேல் இருக்கும். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. 100-க்குக் கீழே போனால் பேராபத்து.

இந்த எண்ணிக்கைக்கும் தொற்றுக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு போடி. அவரும் அவருடைய சகாக்களும் தீவிர ரத்தப் புற்றுநோய் இருந்த 52 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1966-ல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணிக்கை குறையக் குறையத் தொற்று கூடுகிறது என்பது ஒரு பாதி. எத்தனை நாள் அப்படிக் குறைந்தே கிடக்கிறது என்பது மறு பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பூஞ்சையைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியம். மார்பகப் புற்றுநோய் போன்ற கட்டிகளுக்குத் தரப்படும் வழக்கமான கீமோதெரபியில் அணுக்கள் சில நாட்கள் குறைந்து மீண்டும் ஏறிவிடும். தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் முதல் சுற்றுக் கீமோதெரபியிலோ மூன்று வாரம்கூட ஏறாமல் கிடக்கும். பூஞ்சைக்குத் தேவை அந்த அவகாசம்தான்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். மொத்த வெள்ளை அணுக்கள் 1200 என்று போட்டிருக்கும். 'ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதே' என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். ஆனால் அதற்குக் கீழே நியூட்ரோஃபில் 25 சதவீதம் என்று இருந்தால், உண்மையான எண்ணிக்கை 300 மட்டுமே. பெருக்கிப் பார்க்க வேண்டும்!

கீமோதெரபியோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்டீராய்டு இருக்கிற காவல்காரர்களையும் மந்தமாக்கும், ரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். சர்க்கரை ஏறினால் சில பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம்.

எதிரி எங்கே இருக்கிறான்?

நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. கேண்டிடா: இது வெளியிலிருந்து வருவதில்லை. ஏற்கனவே வாயிலும் குடலிலும் குடியிருக்கிறது. சாதாரண நாட்களில் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இதை அடக்கி வைத்திருக்கும். கீமோதெரபி குடலின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. காய்ச்சலுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக் அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது. அண்டை வீட்டார் காலி, சுவரிலும் ஓட்டை! கேண்டிடா நேராக ரத்தத்துக்குள் போகிறது. மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய ரத்தக்குழாயில் போட்டு வைத்திருக்கும் குழாய் இன்னொரு நுழைவாயில்.

2. ஆஸ்பெர்ஜில்லஸ்: இது காற்றில் வருவது. இதன் விதைத்தூள் 2 முதல் 3 மைக்ரான் அளவுதான் இருக்கும். நுரையீரலின் கடைசி அறை வரை போய்ச் சேர இது சரியான அளவு. எல்லா மனிதரும் தினமும் நூற்றுக்கணக்கில் இதைச் சுவாசிக்கிறார்கள். காவல்காரர்கள் சத்தமில்லாமல் தின்றுவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. 1729-ல் இதற்குப் பெயர் வைத்தவர் இத்தாலியப் பாதிரியார் மிக்கேலி. அவர் தாவரவியலாளரும்கூட. தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியின் வடிவத்தில் இருந்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பெயரில்தான் புனிதம்.

3. மியூகோர்: 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று இந்தியா முழுக்கப் பேசப்பட்டதே, அதுதான். சைனஸ், கண், மூளை என்று பரவும். ரத்தக்குழாயை அடைத்துத் திசுவைக் கறுக்க வைப்பதால் அந்தப் பெயர். சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் இதற்குக் கைகொடுக்கும். கொரோனாவுக்கு முன்பிருந்தே மற்ற நாடுகளைவிட இந்தியாவில் இது அதிகம்.

4. நியூமோசிஸ்டிஸ்: நுரையீரலில் நிமோனியாவை உண்டாக்குவது. வெகுகாலம் இதை ஒற்றைச்செல் விலங்கு என்றே நினைத்திருந்தார்கள். 1988-ல் மரபணுவைப் பார்த்த பிறகுதான் இதுவும் பூஞ்சை என்று தெரிந்தது.

காய்ச்சல் ஒன்றுதான் மணி

வந்த பிறகு கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் போதாதா, ஏன் முன்கூட்டியே தடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி.

சாதாரணமாக ஒரு இடத்தில் தொற்று வந்தால் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். இதெல்லாம் கிருமி செய்யும் வேலை அல்ல, அதை எதிர்த்து வெள்ளை அணுக்கள் செய்யும் வேலை. அணுக்களே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? சளி இருக்காது. எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கும். நோயாளி பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பார். காய்ச்சல் ஒன்று மட்டும் அடிக்கும். கேண்டிடா ரத்தத்தில் இருந்தாலும் ரத்தக் கல்ச்சரில் பல நேரம் வளர்வதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ரத்தக் கல்ச்சரில் அநேகமாக வளரவே வளராது. சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தத்தில் காலக்டோமன்னன் என்ற பொருளைத் தேடி, சில சமயம் நுரையீரலுக்குள் குழாய் விட்டு நீர் எடுத்துப் பார்த்து... இதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தாலும் உத்தரவாதம் இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கு வோரிகோனசோல், ஆம்போடெரிசின் என்ற இரண்டு மருந்துகளை ஒப்பிட்ட புகழ்பெற்ற ஆய்வு 2002-ல் வெளிவந்தது. ஜெயித்தது வோரிகோனசோல். ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்களில்கூட 12 வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 71 சதவீதம்தான். மற்ற மருந்தில் 58 சதவீதம். நல்ல மருந்து கிடைத்தும் பத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள் என்றால், வராமல் தடுப்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

மருந்து கிடைத்த கதை

பாக்டீரியாவைக் கொல்ல பெனிசிலின் வந்தபோது உலகமே கொண்டாடியது. பூஞ்சையைக் கொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. காரணம் கொஞ்சம் விசித்திரமானது. உயிரினங்களின் குடும்ப மரத்தில் பாக்டீரியா மனிதனுக்கு வெகு தூரத்து உறவு. பூஞ்சையோ பங்காளி முறை! அதன் செல்லும் மனித செல்லும் அநேகமாக ஒரே மாதிரிக் கட்டப்பட்டவை. அதைக் கொல்லும் விஷம் மனிதனையும் கொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மனித செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, பூஞ்சையின் சவ்வில் அந்த இடத்தில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. மருந்துகள் பலவும் குறி வைப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

முதல் வெற்றி இரண்டு பெண்களுடையது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்தில் இருந்தார். வேதியியலாளர் ரேச்சல் பிரவுன் ஆல்பனி நகரத்தில் இருந்தார். ஹேசன் மண்ணிலிருந்து நுண்ணுயிரிகளை வளர்த்து, பூஞ்சையைக் கொல்கிறதா என்று பார்ப்பார். கொன்றால் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். இப்படியே தபாலில் நடந்த ஆராய்ச்சியில் 1950-ல் கிடைத்தது நிஸ்டாட்டின். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கித்தான் அந்தப் பெயர். அதிலிருந்து வந்த ராயல்டி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். இருவரும் அதில் தங்களுக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் நிஸ்டாட்டின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகாது. வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கலாம், அவ்வளவுதான். அடுத்து 1950-களின் நடுவில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் வந்தது. இது எல்லாவற்றையும் அடிக்கும். கூடவே சிறுநீரகத்தையும் அடிக்கும். ஏற்றும்போதே குளிரும் நடுக்கமும் வரும். கொழுப்புத் துகளுக்குள் வைத்துத் தரும் புதிய வடிவம் 1990-களில் வந்த பிறகுதான் தொல்லை குறைந்தது. நோய் வந்தவருக்கு வேறு வழியில்லை, கொடுக்கலாம். நோயே வராதவருக்குத் தடுப்பாக இதைத் தினமும் ஏற்ற யாருக்கு மனம் வரும்?

தடுப்பு என்ற யோசனைக்கு உயிர் கொடுத்தது ஃப்ளூகோனசோல். மாத்திரையாக விழுங்கலாம், பெரிய பக்கவிளைவு இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்ட 356 பேரிடம் இதைச் சோதித்து 1992-ல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு உடலுக்குள் பூஞ்சை பரவியது. ஃப்ளூகோனசோல் சாப்பிட்டவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு. பூஞ்சையால் இறந்தவர்கள் ஒரு பக்கம் 10 பேர், மறு பக்கம் ஒரே ஒருவர்.

ஆனால் ஃப்ளூகோனசோலுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது கேண்டிடாவை அடக்கும், ஆஸ்பெர்ஜில்லஸை ஒன்றும் செய்யாது. முன்வாசலைப் பூட்டியதும் கொல்லைப்புறம் திறந்து கிடப்பது தெரிந்தது. அந்தக் கதவுக்கு வந்த பூட்டு போசகோனசோல். தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் மற்றும் அதை ஒத்த மஜ்ஜை நோய் உள்ள 602 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. பழைய மருந்துகளை எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குப் பூஞ்சைத் தொற்று, போசகோனசோல் எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கு மட்டும். இறப்பும் குறைந்தது.

சில ரூபாய் மாத்திரையின் சாதனை

இத்தனை விலை உயர்ந்த மருந்துகளுக்கு நடுவில் ஒரு சாதாரண மாத்திரையின் கதையைச் சொல்லாமல் விட முடியாது.

1970-களில் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை பிறந்திருந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை அதில் முன்னணியில் இருந்தது. ஆனால் புற்றுநோய் அடங்கிய குழந்தைகள் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்து மூச்சுத் திணறினார்கள். வால்டர் ஹியூஸ் என்ற மருத்துவர் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைத் தடுப்பாகக் கொடுத்துப் பார்த்தார். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் கொடுக்கும் அதே பழைய சல்ஃபா மாத்திரை! 160 நோயாளிகள். 80 பேருக்கு வெற்று மாத்திரை, 80 பேருக்கு அசல் மாத்திரை. 1977-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 பேருக்கு நிமோனியா. அசல் மாத்திரை சாப்பிட்டவர்களில்?

பூஜ்யம். ஒருவருக்குக்கூட வரவில்லை.

பத்து வருடம் கழித்து, வாரத்துக்கு மூன்று நாள் கொடுத்தாலே போதும் என்றும் அவர் காட்டினார். இன்றும் உலகம் முழுக்க இந்தக் குழந்தைகளுக்கு இது கொடுக்கப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், நியூமோசிஸ்டிஸின் சவ்வில் எர்கோஸ்டெரால் இல்லை. அதனால் பூஞ்சை மருந்துகளில் பல அதன்மேல் வேலை செய்யாது. பாக்டீரியா மருந்துதான் வேலை செய்கிறது.

ஆனால் விலை மலிவு என்பதே இந்த மாத்திரைக்கு எதிரியாகிவிடுகிறது. 'வாரத்தில் மூன்று நாள்தானே, இந்தத் தடவை விட்டுப்போச்சு' என்று வீட்டில் அலட்சியமாக விட்டுவிடுவது சுலபம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஏற்றும் ஊசியை யாரும் மறப்பதில்லை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு மாற்று மருந்து உண்டு.

அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 2007-ம் ஆண்டு ஆய்வையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க சுமார் 16 பேர் போசகோனசோல் சாப்பிட வேண்டும். அந்த ஆய்வில் மருந்தால் வந்திருக்கலாம் என்று கருதப்பட்ட கடுமையான பக்கவிளைவுகளும் போசகோனசோல் பக்கம்தான் அதிகம், 6 சதவீதம். மறுபக்கம் 2 சதவீதம். மிக அதிக ஆபத்தில் இருப்பவர்களிடமே இந்தக் கணக்கு என்றால், ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு லாபம் இன்னும் சுருங்கும், பக்கவிளைவு அப்படியே இருக்கும். அதனால்தான் மார்பகம், குடல் போன்ற புற்றுநோய்களுக்கு வழக்கமான கீமோதெரபி எடுப்பவர்களுக்குப் பொதுவாகப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கொடுப்பதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை ஏன் எங்களுக்குத் தரவில்லை என்று டாக்டரிடம் சண்டை போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு ஆபத்து மருந்துகளுக்குள் நடக்கும் மோதல். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. இதைக் கல்லீரல் ஒரு நொதியின் மூலம் சிதைத்து வெளியேற்றுகிறது. போசகோனசோல், வோரிகோனசோல், இட்ராகோனசோல் ஆகியவை அதே நொதியை முடக்கிவிடும். விளைவு? வின்கிரிஸ்டின் உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். கால் தளரும், குடல் அசைவு நின்று வயிறு உப்பும், வலிப்புகூட வரலாம். பூஞ்சையைத் தடுக்கப் போய் இது தேவையா? அதனால் இந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பு தேவைப்பட்டால், பூஞ்சையின் செல் சுவரைத் தாக்கும் மைகாஃபங்கின், கேஸ்போஃபங்கின் போன்ற ஊசி மருந்துகளையே பெரும்பாலும் நாடுகிறார்கள். வயதானவர்களின் ரத்தப் புற்றுநோய்க்கு இப்போது அதிகம் பயன்படும் வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையிலும் இதே பிரச்சினை. போசகோனசோலோடு சேர்த்தால் அதன் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும்.

எனவே, வேறு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையோ, நாட்டு மருந்தோ, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதோ, எல்லாவற்றையும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மறைப்பதால் லாபமில்லை.

எதிர்ப்பாற்றல் என்ற பிரச்சினையும் இருக்கிறது. கண்ட இடத்தில் மருந்தைப் பயன்படுத்தினால் அதற்கு மசியாத பூஞ்சைகள் தலையெடுக்கும். 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்துப் பெயரிடப்பட்ட கேண்டிடா ஆரிஸ், ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. கட்டில் கம்பியிலும் கைகளிலும் ஒட்டிக்கொண்டு ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் மொத்தம் 19 உள்ளன. அவற்றில் மிக உயர்ந்த முன்னுரிமை பெற்ற நான்கில் இதுவும் ஒன்று.

காற்றையும் கவனிக்க வேண்டும்

மாத்திரை பாதி வேலைதான் செய்யும். ஆஸ்பெர்ஜில்லஸ் காற்றில் வருவதால் காற்றையே வடிகட்ட வேண்டும். மஜ்ஜை மாற்று சிகிச்சை அறைகளில் ஹெப்பா வடிகட்டி பொருத்துகிறார்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை இது பிடித்துவிடும். பூஞ்சை விதைத்தூள் அதைவிடப் பல மடங்கு பெரிது என்பதால் தப்பிக்க வழியில்லை. அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகுமே தவிர வெளிக்காற்று உள்ளே வராது. மணிக்கு 12 தடவையாவது அறையின் காற்று மாற வேண்டும் என்பது கணக்கு.

மருத்துவமனைகளில் பூஞ்சைத் தொற்று திடீரென்று பல பேருக்கு வந்த சம்பவங்களை ஆராய்ந்தபோது, அடிக்கடி அகப்பட்ட குற்றவாளி கட்டட வேலை. சுவரை இடிக்கும்போதும் பொய்க்கூரையைப் பிரிக்கும்போதும் வருடக்கணக்கில் படிந்திருந்த தூசி பறக்கிறது. ஆகவே புற்றுநோய் வார்டுக்குப் பக்கத்தில் சுத்தியல் சத்தம் கேட்டால் அது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. தடுப்புத் திரை போட்டிருக்கிறார்களா, நோயாளியை வேறு வழியாக அழைத்துப் போகலாமா, என்95 முகக்கவசம் வேண்டுமா என்று கேட்பதற்கு நோயாளியின் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரும்பாலான நாட்கள் நோயாளி இருப்பது வீட்டில்தான். அங்கே ஹெப்பாவும் கிடையாது, காற்றழுத்தமும் கிடையாது. இருந்தாலும் செய்யக்கூடியவை இருக்கின்றன.

1. கை கழுவுதல். கேட்டுக் கேட்டுச் சலித்த அறிவுரைதான். ஆனாலும் முதலிடம் இதற்கே. மருந்துக் குழாயைத் தொடுபவர் கட்டாயம் கழுவ வேண்டும்.

2. வாய் சுத்தம். மென்மையான பிரஷ், உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் தினமும் பல தடவை கொப்பளித்தல். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். நாக்கில் தயிர் போல வெள்ளைப் படலம் தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

3. தூசியிலிருந்து விலகல். ஒட்டடை அடிப்பது, வெள்ளையடிப்பது, பழைய பரணைக் காலி செய்வது எல்லாம் அணுக்கள் ஏறிய பிறகு. செய்தே ஆக வேண்டும் என்றால் நோயாளி வேறு வீட்டில் இருக்கட்டும். உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

4. மண், உரக்குழி, வைக்கோல், கோழிக்கூண்டு ஆகியவற்றின் பக்கம் போகக் கூடாது. அறைக்குள் தொட்டிச் செடியும் வேண்டாம். பார்க்க வருபவர்கள் பூங்கொத்து கொண்டு வர வேண்டாம்.

5. பீடி, சிகரெட் கூடாது. புகையிலையிலேயே பூஞ்சை விதை இருக்கும்.

6. சாப்பாடு. பச்சைக் காய், பழம் எதுவுமே தொடக்கூடாது என்ற பழைய கடுமையான பத்தியத்தால் தொற்று குறைந்ததாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. நன்றாகக் கழுவியது, நன்றாக வேகவைத்தது, சூடாகப் பரிமாறியது என்றால் போதும். பூஞ்சை பூத்த ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

7. சர்க்கரை அளவு. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு முன்பு சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும் சோதிக்க வேண்டும். ஒரு பக்கக் கன்னம் வீங்குவது, கண் வலி, மூக்கில் கறுப்பு நிறச் சளி, மேல் அண்ணத்தில் கறுப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும்.

8. தடுப்பு மாத்திரையைச் சொன்ன விதத்தில் சாப்பிடுதல். போசகோனசோல் திரவ மருந்து வெறும் வயிற்றில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் அதன் சேர்மானத்தைக் கெடுக்கும். 2013-ல் வந்த மாத்திரை வடிவத்தில் இந்தத் தொல்லை குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல். வாயில் வைத்துப் பார்க்கும்போது 101 டிகிரி ஒருமுறை தொட்டாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அணுக்கள் குறைந்தவருக்கு அது அவசரநிலை. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். 'ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம், விடியட்டும்' என்பது மிகப் பழகிய பேச்சு, மிக ஆபத்தான பேச்சும் அதுதான். மாத்திரை காய்ச்சலை இறக்கிவிடும், கிருமி உள்ளேயே இருக்கும். இருந்த ஒரே மணியையும் அறுத்துப் போட்டது போல.

தெரியாமல் பிழைத்தவர்கள்

தடுப்பு மருத்துவத்துக்கு ஒரு சாபம் உண்டு. அது வெற்றி பெற்றால் யாருக்கும் தெரியாது. அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்த டாக்டருக்கு நன்றி சொல்ல ஆள் இருக்கும். 1977-ல் அசல் மாத்திரை சாப்பிட்ட அந்த 80 பேரில், அது இல்லாவிட்டால் நிமோனியா வந்திருக்கக்கூடியவர் யார்? அவர்களுக்கே தெரியாது. ஹியூஸுக்கும் தெரியாது. வராத நோய்க்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை.

அதனால்தான் இந்த வேலைகள் சலிப்பூட்டுகின்றன. தினமும் கொப்பளித்து, தினமும் கை கழுவி, வாரம் மூன்று நாள் மாத்திரை போட்டு, கடைசியில் 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று தோன்றும். ஒன்றும் நடக்காததுதான் பலன்!

ஒவ்வொரு நோயாளியின் நிலையும் வேறு. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவருடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் அடுத்த கீமோதெரபி தொடங்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்பதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. அணுக்கள் எத்தனை நாள் குறைந்திருக்கும்? பூஞ்சைத் தடுப்பு மருந்து தேவையா, இல்லையென்றால் ஏன்? இப்போது சாப்பிடும் மருந்துகளோடு அது மோதுமா? நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்து, எங்கே போக வேண்டும்?

நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் இருக்கட்டும்.